வீட்டைப் புதுப்பித்தால் சொத்து வரி ஏறுமா? மதுரைக்காரர்களுக்கான முழு வழிகாட்டி

மதுரையில் ஒரு வீட்டு வாசலில் எம்-சாண்ட் லாரி வந்து நின்றால் போதும், "வரியைக் கூட்டிப் போட்டுருவாங்களே" என்று பக்கத்து வீட்டில் பேச்சு எழுந்துவிடும். அந்தப் பயத்தில் பாதி தேவையில்லாதது. தரையை உடைத்து டைல்ஸ் போடுகிறவர் பயப்படுகிறார், அவருக்கு வரி ஏறாது. முன்னறைச் சுவரை இடித்து ஒரு ஷட்டர் மாட்டுகிறவர் கவலையே இல்லாமல் இருக்கிறார், அவருக்குத்தான் வரி தாவிக் குதிக்கும். எந்த வேலை வரியைத் தொடும், எது தொடாது, வேலை முடிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

வரி எதன்மேல் விழுகிறது

மாநகராட்சி உங்கள் வீட்டின் விற்பனை விலையைப் பார்த்து வரி போடுவதில்லை. கட்டடத்தின் பரப்பு எவ்வளவு, தெரு எந்த வரி மண்டலத்தில் இருக்கிறது, குடியிருப்பா கடையா தொழிற்கூடமா, கூரை கான்கிரீட்டா ஓடா தகரமா, கட்டி எத்தனை வருடம் ஆயிற்று என்பவைதான் கணக்கு. அதனால் சமையலறைக்கு மூன்று லட்சம் செலவழித்தாலும் முப்பதாயிரம் செலவழித்தாலும் வரிக்கு ஒன்றுதான். செலவைப் பார்க்க மாட்டார்கள், அளவைப் பார்ப்பார்கள்.

இதில் தெருவின் மண்டலம் உங்கள் கையில் இல்லை. மாசி வீதியில் இருக்கும் வீட்டுக்கும் ஆனையூரில் உள்ளே தள்ளி இருக்கும் வீட்டுக்கும் சதுர அடி ஒன்றாக இருந்தாலும் வரி ஒன்றாக இராது. மற்ற நான்கும் நீங்கள் செய்யும் வேலையால் மாறக்கூடியவை.

முதல் படி: பழைய கணக்கைக் கையில் எடுங்கள்

கொத்தனாரிடம் பேசுவதற்கு முன்பே கடைசியாகக் கட்டிய வரி ரசீதையும், முதன்முதலில் வரி போட்டபோது வந்த நோட்டீஸையும் தேடி எடுங்கள். வரி விதிப்பு எண், பெயர், பரப்பு, பயன்பாடு ஆகிய நான்கும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நோட்டீஸ் கிடைக்கவில்லை என்றால் மண்டல அலுவலகத்தின் வருவாய்ப் பிரிவில் உங்கள் எண்ணுக்குப் பதிவாகியிருக்கும் விவரங்களைக் கேளுங்கள். மதுரை மாநகராட்சியில் இப்போது ஐந்து நிர்வாக மண்டலங்கள் (மேலே சொன்ன வரி மண்டலம் வேறு, இது வேறு), 100 வார்டுகள். உங்கள் வார்டு எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் போன்ற பகுதிகள் 2011இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தன. அங்கே பல வீடுகளுக்குப் பழைய நகராட்சி, ஊராட்சிக் காலத்து அளவே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டு வீடாகப் பதிவாகி, நடுவில் மாடி வந்து, வரி மட்டும் ஓட்டு வீட்டுக்கே கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. புது வேலைக்காக அளக்க வருகிறவர் பழைய வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் எழுதுவார். அப்போது முந்தைய அரையாண்டுகளுக்கும் சேர்த்து நிலுவை கேட்கப்படலாம் என்பதால், இந்த வித்தியாசம் இருக்கிறதா என்று வேலை தொடங்கும் முன்பே தெரிந்து வைத்திருப்பது பணத்தைத் திட்டமிட உதவும்.

பெயர் இன்னும் தாத்தா பேரிலேயே இருந்தால் முதலில் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். புதுக் கட்டுமானத்துக்கு வரி கேட்டு விண்ணப்பிக்கும் நேரத்தில் வாரிசுச் சான்றுக்கு ஓடுவது பெரிய தொல்லை.

இரண்டாம் படி: உங்கள் வேலை எந்த வகை என்று பிரியுங்கள்

வரியைத் தொடாத வேலைகள் முதலில். பெயின்ட், பூச்சு, டைல்ஸ், கிரானைட், மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், வயரிங், குழாய் மாற்றுவது, ஜன்னல் கதவு மாற்றுவது, வெயிலுக்காக மொட்டை மாடியில் வெள்ளை டைல்ஸ் பதிப்பது, சோலார் பேனல், போர், மழைநீர் சேகரிப்புத் தொட்டி. இருக்கிற அறைக்குள்ளேயே சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தாலும் பரப்பு மாறுவதில்லை. இவற்றுக்காக யாராவது வரியைக் கூட்டச் சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கட்டாயம் தொடும் வேலைகள்: மாடி எடுப்பது, பின்கட்டில் அறை சேர்ப்பது, போர்டிகோவைச் சுவர் வைத்து அறையாக்குவது, பால்கனியை அடைத்து உள்ளே சேர்ப்பது, ஓட்டுக்கூரையைப் பிரித்து கான்கிரீட் போடுவது, வீட்டின் ஒரு பகுதியைக் கடையாக்குவது.

ஓட்டைப் பிரிப்பது மட்டும் பலருக்கு எதிர்பாராமல் வந்து விழும். "ஒரு அடிகூட வெளியே இழுக்கலையே, அதே சுவர்தானே" என்பார்கள். சுவர் அதேதான், ஆனால் கட்டடத்தின் வகை மாறிவிட்டது. பரப்பு ஒரு சதுர அடி கூடாமலேயே வரி ஏறக்கூடிய வேலை இது. அதற்காக ஒழுகும் ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை. எதிர்பார்த்து இருந்தால் போதும்.

இனி இழுபறி ஆகும் விஷயம்: மாடியில் தகர ஷெட். சித்திரைத் திருவிழா முடிவதற்குள் மொட்டை மாடி அனலாகிவிடும் ஊர் இது. செல்லூரிலிருந்து வில்லாபுரம் வரை எங்கு பார்த்தாலும் மாடிக்கு மேல் ஷீட் கூரைதான். நாலு பக்கமும் திறந்து, துணி காயப்போடவும் வெயில் மறைக்கவும் இருக்கும் கூரைக்கும், சுற்றிலும் சுவர் எழுப்பி, கதவு வைத்து, ஃபேன் மாட்டி ஆள் தங்கும் அறைக்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதைக் கட்டடமாகவே எழுதுவார்கள், அதை மறுக்கவும் முடியாது. முதலாவதை எழுதினால் வாதாட இடம் இருக்கிறது. ஷெட் போட்ட அன்றே நாலு பக்கமும் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். ஒருவேளை அதைப் பரப்பில் சேர்த்தே ஆக வேண்டும் என்றாலும், கான்கிரீட் தளமாக எழுதாமல் ஷீட் கூரையாக எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: நீங்களே அளந்து வையுங்கள்

கொத்தனார் சதுரக் கணக்கில் பேசுவார். "அண்ணே, மேல அஞ்சு சதுரம் வரும்" என்றால் 500 சதுர அடி. வரிக்கு அளப்பது வெளிச்சுவரின் வெளிப்புறத்திலிருந்து. வெளியே 30 அடிக்கு 40 அடி உள்ள வீடு 1,200 சதுர அடி. அதையே ஒன்பது அங்குலச் சுவரை விட்டுவிட்டு உள்ளுக்குள் அளந்தால் 28.5 அடிக்கு 38.5 அடி, அதாவது சுமார் 1,097தான் வரும். "நூறு சதுர அடி கூட்டி எழுதிட்டாங்க" என்று வரும் சண்டைகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

தாளில் ஒரு கோட்டுப்படம் போட்டு, தளவாரியாக நீள அகலம் குறித்து, பழைய பகுதியையும் புதிய பகுதியையும் தனித்தனியாகக் காட்டுங்கள். இன்ஜினியர் போட்ட பிளான் இருந்தால் அதுவே போதும், ஆனால் கட்டி முடித்தபோது பிளானிலிருந்து மாறியிருக்கிறதா என்று ஒருமுறை டேப் பிடித்துப் பாருங்கள்.

பழைய பகுதியைத் தனியாகக் காட்டுவதில் ஒரு முக்கியமான காரணம் இருக்கிறது. கட்டடத்துக்கு வயது ஏற ஏற வரிக் கணக்கில் கழிவு உண்டு. மேலே புதிதாக மாடி எடுத்தால் புது வயது மாடிக்கு மட்டும்தான். கீழ்வீடு எண்பதுகளில் கட்டியது என்றால் அது எண்பதுகளில் கட்டியதாகவே பதிவில் நிற்க வேண்டும். மொத்தத்தையும் புதுக் கட்டடமாக எழுதிவிட்டால் கழிவு போய்விடும். பழைய ரசீதுகளும் பழைய பிளானும் இந்த இடத்தில்தான் கை கொடுக்கும். வீட்டை அடியோடு இடித்துக் கட்டினால் இந்தச் சலுகைக்கு வழியில்லை, எல்லாமே புதிதுதான்.

நான்காம் படி: எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடுங்கள்

எளிய வழி ஒன்று இருக்கிறது. இப்போது கட்டும் அரையாண்டு வரியைப் பதிவில் உள்ள பரப்பால் வகுங்கள். அதுதான் உங்கள் வீட்டுக்குச் சதுர அடிக்கு ஆகும் வரி. அதைக் கூடப்போகும் பரப்பால் பெருக்குங்கள்.

புரிவதற்காக ஒரு கணக்கு. 900 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டு வரி 1,350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு ஒன்றரை ரூபாய். மேலே 500 சதுர அடி எடுத்தால் இன்னும் 750, ஆக 2,100. புதுப் பகுதிக்கு வயதுக் கழிவு குறைவு என்பதால் கொஞ்சம் கூடவே எதிர்பாருங்கள்.

இங்கே இன்னொரு விஷயம். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்து வரியைச் சீராய்ந்தபோது, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்குப் பரப்பைப் பார்த்துப் படி வைத்தார்கள். 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. வணிகக் கட்டடங்களுக்கு 100, தொழிற்சாலைகளுக்கு 75. மாடி எடுத்ததும் வீடு ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போனால் முழுப் பரப்புக்கும் கணக்கு மாறலாம். மேலே சொன்ன வீட்டில் 2022க்கு முன் சதுர அடிக்கு 1 ரூபாய் இருந்திருந்தால், 50 சதவீத உயர்வில்தான் ஒன்றரை ஆகியிருக்கும். 1,400 சதுர அடி ஆனபின் 75 சதவீதப் படியில் போட்டால் 2,100க்குப் பதில் 2,450 வரும். இரண்டு விதமாகவும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் வந்ததும் எந்தப் படியில் போட்டிருக்கிறார்கள் என்று கேட்க வசதியாக இருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு 1,200ஐத் தாண்டாமல் இருக்க படுக்கையறையைக் குறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு 350 ரூபாய்க்காக முப்பது வருடம் இடித்துக்கொண்டு படுப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

ஐந்தாம் படி: அனுமதி

பூச்சு, தரை, ஜன்னல் போன்ற வேலைகளுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. பரப்பு கூடினாலோ மாடி எடுத்தாலோ தேவை. இதற்கு அடிப்படை 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், வீடு 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ தரையும் ஒரு மாடியுமோ என்றால் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம்.

மதுரைக்கே உரிய ஒரு கட்டுப்பாடும் உண்டு. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. நாலு மாசி வீதிகளும் இதற்குள் அடக்கம். கீழக்குயில்குடி சமணர் மலைபோல மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களுக்குப் பக்கத்தில் என்றால் 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானமே கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டருக்கு அந்தத் துறையின் முன் அனுமதி வேண்டும்.

வரி போட்டுவிட்டார்கள் என்பதால் அனுமதியில்லாத மாடி அனுமதி பெற்றதாக ஆகிவிடாது. "வரி கட்டுறோமே, அப்புறம் என்ன" என்பது வங்கியிலும் எடுபடாது, நீதிமன்றத்திலும் எடுபடாது.

ஆறாம் படி: முடிந்ததும் நீங்களே சொல்லுங்கள்

வேலை முடிந்ததும் கூடுதல் கட்டடத்துக்கு வரி விதிக்கக் கேட்டு விண்ணப்பிப்பது உரிமையாளரின் பொறுப்பு. பழைய வரி ரசீது, பத்திர நகல், கட்டட அனுமதி, மின் கட்டண ரசீது, உங்கள் அளவுத் தாள், போட்டோ எல்லாவற்றையும் வைத்து விண்ணப்பியுங்கள். ஆன்லைனிலும் செய்யலாம், மண்டல அலுவலகத்திலும் கொடுக்கலாம். எப்படிக் கொடுத்தாலும் ஒப்புகை எண்ணை வாங்காமல் வராதீர்கள்.

அளக்க ஆள் வரும்போது வீட்டில் விவரம் தெரிந்தவர் ஒருவர் கூட இருக்கட்டும். "சார், இது பழைய கட்டடம், இங்கேருந்து புதுசு" என்று காட்டி, உங்கள் கோட்டுப்படத்தின் நகலையும் கொடுங்கள். அவர் எழுதிய அளவை அன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் வந்தபின் கேட்பதைவிட அப்போது கேட்பது எளிது.

குறைத்துப் போடுவதாக யாராவது பேரம் பேசினால் விலகி நில்லுங்கள். 2025இல் மதுரை மாநகராட்சியில் வணிகக் கட்டடங்களின் வரியை முறைகேடாகக் குறைத்த விவகாரம் பெரிதாக வெடித்து, கைதுகள் நடந்து, ஐந்து மண்டலத் தலைவர்களும் பதவி விலகியதை ஊரே பார்த்தது. கணினியில் தானாகக் குறைந்துவிட்ட வரி நிலைக்காது. மறு அளவை வரும், நிலுவை உங்கள் பேரில்தான் எழுதப்படும். ஆன்லைனிலோ வரி வசூல் மையத்திலோ கட்டி, கணினி ரசீது வாங்குங்கள்.

ஏழாம் படி: நோட்டீஸ் தவறாக வந்தால்

முதலில் பரப்பு, பயன்பாடு, கூரை வகை, கட்டிய ஆண்டு, எந்த அரையாண்டிலிருந்து வரி ஆகிய ஐந்தையும் உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். கடைசி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. வரி ஆண்டு ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என இரண்டு அரையாண்டுகளாக ஓடுகிறது. வேலை நவம்பரில் முடிந்திருக்க, ஏப்ரலிலிருந்தே வரி போட்டிருந்தால் ஒரு அரையாண்டுப் பணம் வீணாகிறது. கொத்தனார், இன்ஜினியர் பில்களில் உள்ள தேதி இதற்கு நல்ல சான்று.

தவறு இருந்தால் நோட்டீஸில் சொன்ன நாள்களுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். "வரி அதிகமாக உள்ளது, கருணை காட்டவும்" என்று எழுதிப் பயனில்லை. "பதிவான பரப்பு இவ்வளவு, உண்மையான பரப்பு இவ்வளவு, மறு அளவை கோருகிறேன்" என்று எழுதினால்தான் கோப்பு நகரும். அங்கே தீராவிட்டால் மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. விசாரணை முடியும்வரை பழைய வரியைக் கட்டாமல் விடாதீர்கள். தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் சேர்ந்துகொண்டே போகும். மாறாக, அரையாண்டு தொடங்கிய 30 நாள்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய்வரை, ஊக்கத்தொகை கிடைக்கும்.

முன்னறை கடையாகும்போது

மதுரையில் வரி மிக வேகமாக ஏறுவது இங்கேதான். ஒரு சதுர அடிகூடக் கூடாமல் ஒரே ஒரு ஷட்டர் கதவு வீட்டை வணிகக் கட்டடமாக்கிவிடும். டெய்லர் கடையோ ஜெராக்ஸ் கடையோ, உள்ளே என்ன வியாபாரம் என்பதைவிட அந்தப் பகுதி எதற்குப் பயன்படுகிறது என்பதுதான் கேள்வி.

கடைப் பகுதியை மட்டும் வணிகமாகவும் மற்றதைக் குடியிருப்பாகவும் பிரித்துப் போடச் சொல்லுங்கள். 120 சதுர அடிக் கடைக்காக 1,000 சதுர அடி வீடு முழுவதற்கும் வணிக வரி கட்ட வேண்டியதில்லை. கடைக்குத் தனி மீட்டர் வைத்தால் இந்தப் பிரிவைக் காட்டுவதும் எளிது. எப்படியும் கடைக்கு வீட்டு மின் கட்டணம் செல்லாது. வாடகையைப் பேசும்போது ஏறிய வரி, தொழில் உரிமம், மின் கட்டணம் மூன்றையும் சேர்த்துப் பேசுங்கள். 3,000 ரூபாய் வாடகை வருகிறது என்று சந்தோஷப்பட்டுவிட்டு அதில் எவ்வளவு கையில் நிற்கிறது என்று பிறகு பார்ப்பது தலைகீழ்.

கடை காலியாகி மறுபடி வீடாக்கிக்கொண்டால் அதையும் எழுதிக் கொடுங்கள். நீங்கள் சொல்லாதவரை பதிவில் அது கடைதான்.

அண்ணன் கீழே, தம்பி மேலே

மாடி எடுப்பதே பல வீடுகளில் தம்பி கல்யாணத்துக்காகத்தான். வரியை ஒரே எண்ணில் வைப்பதா, தளவாரியாகப் பிரிப்பதா என்று கேட்பார்கள். அப்பா பேரிலேயே சொத்து இருக்கிறவரை ஒரே எண் போதும். பாகப்பிரிவினைப் பத்திரமோ தானப் பத்திரமோ பதிவாகிவிட்டால் தயங்காமல் தனி எண் வாங்கிவிடுங்கள். ஒருவர் கட்டாமல் விட்ட நிலுவை மற்றவரின் வீட்டுக் கடனை நிறுத்தி வைப்பதெல்லாம் சேர்ந்திருக்கும் எண்ணால் வருவது.

மாடியை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வருமான வரிக் கணக்கில், அந்த ஆண்டு நீங்கள் உண்மையில் கட்டிய சொத்து வரியை வாடகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம், மீதியில் 30 சதவீத நிலையான கழிவும் உண்டு. ரசீது உங்கள் பேரில் இருக்கட்டும்.

இடிக்கும்போது

முழு வீட்டையோ ஒரு பகுதியையோ இடித்தால், இடித்த உடனே எழுதிக் கொடுங்கள். சொல்லாமல் விட்டால் இல்லாத கட்டடத்துக்கு நோட்டீஸ் வந்துகொண்டே இருக்கும். முழுவதும் இடித்தபின் அது காலிமனை வரிக்கு மாறும். இடிப்பதற்கு முன்னும் பின்னும் தேதியோடு போட்டோ எடுங்கள்.

ஊராட்சிப் பகுதி என்றால்

ஒத்தக்கடை, கருப்பாயூரணி, நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஊராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் கட்டுவது 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படியான வீட்டு வரி. அங்கே கூரை, ஓடு, கான்கிரீட் என்று வகை பார்த்துச் சதுர அடிக்கு வரி. தொகை மாநகராட்சியைவிடக் குறைவு. அதனாலேயே பலர் மாடி எடுத்ததைச் சொல்வதில்லை. மனையை விற்கும்போதோ கடன் வாங்கும்போதோ ரசீதில் கீழ்த்தளம் மட்டும் இருக்க, வங்கியின் மதிப்பீட்டாளர் இரண்டு தளம் என்று எழுதிவிட்டுப் போவார். ஊராட்சிச் செயலரிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்து, மாடியையும் சேர்த்து ரசீது வாங்கிக்கொண்டால் அந்த இழுபறி வராது.